மாம்பழம் போகும், மாவடு நிற்கும்: சேலத்துத் தின்பண்டங்களும் விமான நிலையச் சோதனையும்

சித்திரை, வைகாசியில் சேலத்துக்காரர் வெளியூர் கிளம்பினால் மாம்பழப் பெட்டியும் கூடவே கிளம்பும். மல்கோவா, இமாம் பசந்த், செந்தூரா என்று அந்த வாரம் எது நன்றாக இருக்கிறதோ அது. அதோடு தட்டுவடை, நொறுக்கல், ஜவ்வரிசி வடாம், ஏற்காட்டுக் காப்பித்தூள், மிளகு, தேன், வீட்டில் கிளறிய புளிக்காய்ச்சல், ஜாடியிலிருந்து எடுத்த மாவடு. பஸ்ஸிலும் ரயிலிலும் போகும்வரை இவற்றைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் 2018 மார்ச்சில், சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின்கீழ் பயணிகள் விமானம் வரத் தொடங்கியது. இடையில் நின்றுபோன சேவை 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. இப்போது சேலத்தில் ஏறி பெங்களூரு போன்ற பெரிய நிலையத்தில் மாறி, அங்கிருந்து சிங்கப்பூரோ துபாயோ போக முடிகிறது. அதனால் மூட்டை கட்டும்போதே கேள்வியும் வருகிறது: எது கையோடு போகும், எதைச் செக்-இன் பெட்டியில் போட வேண்டும், எதை எடுக்கவே கூடாது?

இதற்குத் தெரிந்தவர்கள் சொல்லும் பதில்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும். 'ஊறுகாய் விட்டார்கள்' என்பார் ஒருவர், 'பிடுங்கிப் போட்டார்கள்' என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான். உணவைத் தடுக்கக்கூடிய இடங்கள் மூன்று. பாதுகாப்புச் சோதனை, 'இதனால் விமானத்துக்கு ஆபத்து வருமா' என்று பார்க்கிறது. விமான நிறுவனம் எடை, அளவு, கசிவு, வாடை ஆகியவற்றைப் பார்க்கிறது. இறங்கும் நாட்டின் சுங்கமும் வேளாண் தடுப்புத் துறையும் பூச்சி, நோய், போதைப்பொருள் வருமா என்று பார்க்கின்றன. முதல் இடத்தில் தாராளமாகப் போகும் மாம்பழம் மூன்றாம் இடத்தில் குப்பைத் தொட்டிக்குப் போகலாம். முதல் இடத்தில் நிற்கும் தேன், பெட்டியில் போனால் பல நாடுகளில் சிக்கலில்லாமல் இறங்கும். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

100 மில்லி என்ற அளவு எப்படி வந்தது

இந்தியாவில் விமானப் பாதுகாப்புக்கு விதி வகுப்பது சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம். 1976-ல் நடந்த ஒரு விமானக் கடத்தலைத் தொடர்ந்து 1978-ல் சிறு பிரிவாகத் தொடங்கியது. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடல்மேல் வெடித்து 329 பேர் இறந்த பிறகு, 1987-ல் தனித் துறையானது. அந்தக் குண்டு, உரியவர் ஏறாமலேயே விமானத்தில் ஏறிய ஒரு பெட்டியில் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1984 ஆகஸ்ட் 2 அன்று, நம் மீனம்பாக்கத்திலேயே பெட்டிக்குள் வைத்த குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெட்டியை ஏன் இப்படிக் குடைகிறார்கள் என்று சலித்துக்கொள்ளும்போது இந்த இரண்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

திரவம் பற்றிய கவலை அதற்குப் பின்னால் வந்தது. 1994 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் ஏர்லைன்ஸின் 434-ஆம் விமானத்தில், கான்டாக்ட் லென்ஸ் கழுவும் நீர்க் குப்பியில் கொண்டுவந்த திரவ வெடிமருந்து வெடித்து ஒரு பயணி இறந்தார். 2006 ஆகஸ்டில் லண்டனில் பிடிபட்ட கும்பலோ, குளிர்பான பாட்டில்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையை நிரப்பி அட்லாண்டிக்கைக் கடக்கும் பல விமானங்களைத் தகர்க்கத் திட்டமிட்டிருந்தது. உடனே எல்லாத் திரவத்துக்கும் தடை வந்தது. சில வாரங்கள் கழித்து, செப்டம்பரில் அமெரிக்காவும் நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் தடையைத் தளர்த்தி ஓர் அளவு வைத்தன. ஒவ்வொரு கொள்கலனும் 100 மில்லிக்கு மேல் கூடாது, எல்லாமே 1 லிட்டர் கொள்ளும் ஒரே ஒளிபுகும் பைக்குள் அடங்க வேண்டும். பன்னாட்டுப் பயணத்தில் இன்றும் பெரும்பாலான இடங்களில் இதுவே நடைமுறை.

இதில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. கணக்கில் வருவது கொள்கலனின் அளவு. 200 மில்லி பாட்டிலின் அடியில் 50 மில்லி நெய் மட்டும் இருந்தாலும் அது 200 மில்லி பாட்டில்தான், நிற்கும். எடையும் மில்லியும் ஒன்றென்று நினைப்பது இன்னொரு சறுக்கல். தேன் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனமானது. ஆகவே 100 மில்லி குப்பியில் சுமார் 140 கிராம் தேன் பிடிக்கும். ஏற்காட்டுச் சாலையோரம் வாங்கிய 1 கிலோ தேன் 700 மில்லிக்கு மேல் வரும். அது பெட்டிக்குப் போக வேண்டியது.

திரவம் என்ற சொல்லுக்குள் எதெல்லாம் வருகிறது என்பதில்தான் நம் சமையலறைக்கு நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. ஊற்றினால் ஓடுவது, கரண்டியால் எடுத்தால் தட்டில் பரவுவது, பாத்திரத்தின் வடிவத்துக்குத் தானே வந்து உட்காருவது எல்லாமே இதில் சேர்த்தி. அதன்படி தயிர், சட்னி, நெய், புளிக்காய்ச்சல், தொக்கு, ஜாம், இட்லி மாவு, உப்பு நீரில் மிதக்கும் மாவடு, ஐஸ் உருகிய நீர் அனைத்தும் திரவக் கணக்கு. இட்லி, சப்பாத்தி, எலுமிச்சைச் சாதம், புளியோதரை, முறுக்கு, மைசூர்பாகு, முழுப் பழங்கள் திடக் கணக்கு. நடுவில் நிற்பவை சில. தயிர்சாதம் தளர இருந்தால் கேள்வி வரும், கெட்டியாகப் பிசைந்திருந்தால் பெரும்பாலும் வராது. அல்வாவும் அப்படியே. எண்ணெய் மிதக்கும் அல்வாவைப் பசை என்று எடுத்துக்கொள்ள அதிகாரிக்கு இடமிருக்கிறது. இப்படிப்பட்ட பொருளில் முடிவு சோதிப்பவருடையது, அங்கே வாதாடி வென்றவர் குறைவு.

பச்சைக் குழந்தைக்கான பால், பால்மாவு, கூழ் ஆகியவற்றுக்கும் நோயாளிக்கு அவசியமான மருந்து, உணவுக்கும் விலக்கு உண்டு. பயண நேரத்துக்குத் தேவையான அளவு என்பதே அளவுகோல். இவற்றைப் பைக்குள் புதைக்காமல் மேலேயே வைத்து, எக்ஸ்ரே எந்திரத்தின் நகரும் பட்டையில் வைக்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. மருத்துவர் சீட்டு இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

திரையில் உங்கள் பை எப்படித் தெரிகிறது

சோதனைப் பட்டையின் எக்ஸ்ரே எந்திரம் இரண்டு வகை ஆற்றலில் கதிர்களை அனுப்புகிறது. அவை எவ்வளவு தடுக்கப்பட்டன என்பதை ஒப்பிட்டு, பொருளின் அடர்த்தியையும் அது எந்த வகைத் தனிமங்களால் ஆனது என்பதையும் கணிக்கிறது. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் நிறைந்த பொருள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். உலோகம் நீலம், இடைப்பட்டவை பச்சை. கதிர் ஊடுருவ முடியாதபடி தடித்துக் கிடப்பது கறுப்பு.

அரிசி, மாவு, சர்க்கரை, வெண்ணெய், பழம் எல்லாமே ஆரஞ்சு. வெடிமருந்துகளில் பெரும்பாலானவையும் ஆரஞ்சு, அடர்த்தியும் ஏறத்தாழ அதே வரம்பில். இனிப்புப் பெட்டியைத் திறக்கச் சொல்வதற்கு இதுவே காரணம். உங்கள்மேல் சந்தேகம் என்று அதற்குப் பொருளில்லை. அந்தப் படத்தை மட்டும் வைத்து இது பால்கோவாதான் என்று சொல்ல முடியாது. அழுத்திக் கட்டிய 1 கிலோ காப்பித்தூள் பொட்டலம், 2 கிலோ ஜவ்வரிசி மூட்டை, பாளமாக வார்த்த வெல்லம் போன்றவை ஒரே சீரான கனத்த ஆரஞ்சுக் கட்டியாகத் தெரியும். அதன் பக்கத்திலேயே சார்ஜர் வயரும் பவர் பேங்கும் சுருண்டு கிடந்தால், கட்டி, கம்பி, பேட்டரி என்று மூன்றும் சேர்ந்த ஒரு படம் திரையில் வரும். எந்தப் பயிற்சி பெற்ற கண்ணும் அந்த இடத்தில் பட்டையை நிறுத்தத்தான் செய்யும்.

எனவே மூட்டை கட்டும்போதே மனத்தில் வைக்க வேண்டியது, திரையில் ஊடுருவிப் பார்க்கும்படி வைப்பது. உணவை மின்சாதனங்களிலிருந்து பிரித்துத் தனித் துணிப்பையில் போட்டு, சோதனையில் அந்தப் பையை வெளியே எடுத்துத் தனித் தட்டில் வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதைவிடப் பக்கவாட்டில் பரப்பினால் படம் தெளிவாக வரும். நான்கடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் வீட்டுக்கு எவ்வளவு உகந்ததோ, இந்த எந்திரத்துக்கு அவ்வளவு ஆகாதது. எஃகுச் சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உள்ளே இருப்பதை மறைத்துவிடும், திறந்து காட்டச் சொல்வார்கள். ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவோ வாழையிலைப் பொட்டலமோ போதும். பரிசுத்தாள் சுற்றி ரிப்பன் கட்டிய இனிப்புப் பெட்டியும் அப்படியே. பிரிக்கச் சொன்னால் பிரிக்க வேண்டும், மறுபடி சுற்றித் தர அங்கே ஆளில்லை.

பை ஓரமாக ஒதுக்கப்பட்டால் நடப்பது இதுதான். உங்களையே திறக்கச் சொல்வார்கள். அதிகாரி சிறு துணித் துண்டாலோ தாளாலோ பொருளையும் பையின் பிடியையும் துடைத்து ஒரு கருவியில் செருகுவார். வெடிமருந்துத் துகள் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று அந்தக் கருவி சில விநாடிகளில் சொல்லும். இதில் சேர்வராயன் மலைத் தோட்டக்காரர்கள் அறிந்துவைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பொட்டாசியம் நைட்ரேட், கால்சியம் நைட்ரேட் போன்ற உரங்களைக் கையாண்ட கையோடு பையைத் தொட்டால் கருவி தவறாக எச்சரிக்கக்கூடும். கிளிசரின் கலந்த கைப்பூச்சும் அப்படிச் செய்வதுண்டு. தோட்டத்தில் உரம் அள்ளிய சாக்குப்பையில் மிளகையோ காப்பிக்கொட்டையையோ கட்டிக்கொண்டு வருவதைத் தவிர்க்க வேண்டும். புதுப் பை, சோப்புப் போட்டுக் கழுவிய கை இரண்டும் போதும். தவறான எச்சரிக்கை வந்தாலும் பதற வேண்டாம், மறுபடி துடைத்துப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள், நேரம்தான் போகும்.

எக்ஸ்ரேயில் போன உணவு கெடுமா, குழந்தைக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. தாராளமாகக் கொடுக்கலாம். ஒருமுறை பட்டையில் போகும் பொருள்மேல் விழும் கதிர்வீச்சு வழக்கமாக 1 மில்லிராட் அல்லது அதற்கும் கீழே. அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் இந்திய மாம்பழங்களுக்குப் பூச்சி ஒழிப்புக்காகக் கொடுக்கப்படும் கதிர்வீச்சு குறைந்தது 400 கிரே. 1 கிரே என்பது 1 லட்சம் மில்லிராட், அதாவது நான்கு கோடி மடங்கு. அந்தப் பழத்தையே பத்திரமாகச் சாப்பிடுகிறார்கள்.

பெரிய விமான நிலையங்களில் மருத்துவமனை ஸ்கேன்போலப் பல கோணங்களில் படமெடுக்கும் சி.டி. எந்திரங்கள் படிப்படியாக வருகின்றன. அவை திரவத்தையும் ஓரளவு பிரித்தறியும். அதனால் பிரிட்டனில் சில நிலையங்கள் 2 லிட்டர் வரையுள்ள பாட்டிலையே அனுமதிக்கத் தொடங்கிவிட்டன. ஆனால் அங்கிருந்து கிளம்பும்போதுதான் அந்தச் சலுகை. போகும் வழிக்கு அது உதவாது.

சேலத்துச் சாமான்கள், ஒவ்வொன்றாக

மாம்பழம் உள்நாட்டுப் பயணத்தில் கையிலும் போகலாம், பெட்டியிலும் போகலாம். தடை விமானத்தின் அளவால் வரும். சேலத்துக்கு வருபவை சிறிய ஏடிஆர் விமானங்கள். இருக்கைக்கு மேலுள்ள அறை குறுகலானது, பெரிய விமானத்தில் நுழையும் பெட்டி இதில் நுழையாது. கைச்சுமைக்குப் பொதுவாக 7 கிலோ, ஒரே பை. செக்-இன் சுமை வழக்கமாக 15 கிலோ. 5 கிலோ அட்டைப்பெட்டியைத் தனியாகக் கையில் தூக்கிக்கொண்டு போனால் அது இரண்டாவது பை ஆகிவிடும். ஆகவே மாம்பழத்தைச் செக்-இன்னில் போடுவதே நடைமுறைக்கு ஒத்தது. அதற்குப் பழம் முக்கால் பதத்தில், அழுத்தினால் அமுங்காத நிலையில் இருக்க வேண்டும். காம்பை ஒட்ட நறுக்காமல் ஓர் அங்குலம் விட்டால் பால் வடிந்து தோல் கருகாது. ஒவ்வொரு பழத்தையும் செய்தித்தாளில் சுற்றி, ஒரே அடுக்காக, காம்பு கீழ்நோக்கி வைத்து, இடைவெளியை வைக்கோலால் இறுக்குங்கள். பழங்கள் அசைந்தால்தான் அடிபடும். பெட்டியில் காற்றுத்துளை வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் வியர்த்து ஒரே நாளில் பழுத்துக் குழைந்துவிடும். நறுக்கித் தின்ன வைத்திருக்கும் கத்தியைக் கைப்பையில் மறந்துவிடாதீர்கள், அது கண்டிப்பாகப் போகாது.

தட்டுவடைகளுக்கு நடுவே காய்த்துருவலும் சட்னியும் வைத்த தட்டுவடை செட்டின் பிரியர்கள் கவனிக்க: தட்டுவடையும் நொறுக்கலும் எங்கும் போகும். துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் உள்நாட்டுக்குப் போகும். சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி இரண்டும் திரவம். அடுக்கிச் சட்னி தடவிய செட்டாகக் கொண்டுபோவதில் பயனும் இல்லை, ஒரு மணி நேரத்தில் ஊறிப்போகும். தட்டுவடையை அகலமான டப்பாவில் நிற்கவைத்தாற்போல் அடுக்கினால் உடையாது. சட்னியை 100 மில்லிக் குப்பிகளில் தனியாக எடுக்கலாம், அல்லது போன இடத்தில் அரைத்துக்கொள்ளலாம்.

ஜவ்வரிசி, வடாம், அப்பளம் ஆகியவை சிக்கலில்லாதவை. சேலம் ஜவ்வரிசி 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. கடையில் வாங்கிய, பெயரும் தேதியும் அச்சிட்ட பாக்கெட்டாகக் கொண்டுபோனால் வெளிநாட்டுச் சுங்கத்தில் பேச்சு குறையும். சாதாரணப் பிளாஸ்டிக் உறையில் முடிச்சுப் போட்ட வெள்ளை மணிகளை விளக்கிச் சொல்வது, சாகோ என்றே கேள்விப்படாத அதிகாரியிடம் எளிதல்ல.

காப்பித்தூளும் மசாலாப் பொடிகளும் தனிக் கவனம் கேட்பவை. மிளகாய்த்தூளை எதிரில் இருப்பவர் கண்ணில் தூவலாம் என்பதால் கைப்பையில் அதற்குத் தடை. மிளகாய் ஊறுகாயும் கைப்பையில் கூடாது என்பது இந்தியாவில் நடைமுறை. மற்ற ஊறுகாய்கள் உள்நாட்டில் சில சமயம் போகும், சில சமயம் நிற்கும், அதை நம்பிக் கிளம்பக் கூடாது. இட்லிப் பொடியும் சிவப்பாக இருப்பதால் அதே கணக்கில் மாட்டும். பெட்டியில் போட்டால் எல்லாமே பிரச்சினையின்றிப் போகும். அமெரிக்கா போகிறவர்களுக்கு இன்னொரு விதி உண்டு. 2018 ஜூன் 30 முதல், அந்நாட்டுக்கு நேராகப் பறக்கும் விமானத்தில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடி கைப்பையில் இருந்தால் கூடுதல் சோதனை நடக்கும், தீராவிட்டால் அனுமதி இல்லை. 350 மில்லி என்பது ஒரு குளிர்பான டின் அளவு. காப்பித்தூள் லேசானது என்பதால் சுமார் 140 கிராமிலேயே அந்த அளவு நிரம்பிவிடும். கால் கிலோ பாக்கெட்டே வரம்பைத் தாண்டும். ஏற்காட்டுக் காப்பியைப் பெட்டியில்தான் வையுங்கள். வறுத்த கொட்டையாக எடுத்துப்போய் அங்கே அரைத்தால் மணமும் நிற்கும்.

தேங்காய் விஷயத்தில் பலருக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. கொப்பரை எண்ணெய்ப் பசையால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று பன்னாட்டு விமானச் சரக்கு விதிகள் வகைப்படுத்துகின்றன. அதனால் கையிலும் பெட்டியிலும் மறுக்கப்படுகிறது. முழுத் தேங்காய் பெரும்பாலும் பெட்டியில் போகும், சில நிறுவனங்கள் அதையும் மறுக்கின்றன, கைப்பையில் தடை. சபரிமலைப் பக்தர்களின் இருமுடிக்காக மட்டும் 2022 நவம்பர் முதல் 2023 ஜனவரி 20 வரையும், பிறகு 2024–25 பருவத்தில் ஜனவரி 20 வரையும் தேங்காயைக் கைப்பையில் அனுமதித்தார்கள். எக்ஸ்ரே, துகள் சோதனை, கைச் சோதனை மூன்றும் முடிந்த பிறகே அனுமதி. ஒவ்வொரு பருவத்துக்கும் தனி அறிவிப்பு வருகிறது. மாலை போட்டவர்கள் சென்ற ஆண்டு விட்டார்களே என்று கிளம்பாமல் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற்காட்டு ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட், மிளகு மூன்றும் உள்நாட்டில் கையிலேயே போகும். பலாவை முழுதாக எடுத்தால் வாடைக்காகவும் எடைக்காகவும் விமான நிறுவனம் மறுக்கலாம். சுளையாகப் பிரித்து, காற்றுப்புகாத டப்பாவில் அடைத்துப் பெட்டியில் வைப்பது மேல்.

பெட்டிக்குள் ஏன் கசிகிறது

திரவத்தைப் பெட்டியில் போடச் சொல்வது எளிது. போன இடத்தில் பெட்டியைத் திறந்தால் பட்டுப்புடவை முழுக்க நல்லெண்ணெய். இதற்குக் காரணம் காற்றழுத்தம். பறக்கும் விமானத்தில் பயணிகள் பகுதியும் சாமான் அறையும் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அழுத்தத்தில் வைக்கப்படுகின்றன. சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு சேரும்போது உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏற்காடு சுமார் 5,000 அடி. விமானத்தில் உப்பல் அதைவிடக் கூடுதல். 8,000 அடி அழுத்தத்தில், சேலத்தில் மூடிய குப்பிக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விரிய முயலும். குப்பி படுத்த நிலையில் இருந்தால் காற்று எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் மூடியின் புரி வழியே வெளியேறும்.

இதைத் தடுக்கக் குப்பியில் காற்றிடம் குறைவாக இருக்கும்படி கழுத்துவரை நிரப்புங்கள். வாயின்மேல் தடித்த பிளாஸ்டிக் தாளை இரண்டாக மடித்து வைத்து மூடியைத் திருகி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பிறகு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஜிப் பை, ஒவ்வொன்றிலும் காற்றைப் பிதுக்கி எடுத்துவிட வேண்டும். அதைப் பழைய துண்டில் சுற்றிப் பெட்டியின் நடுவில், நான்கு பக்கமும் துணி இருக்கும்படி வையுங்கள். கண்ணாடிக் குப்பியும் பீங்கான் ஜாடியும் வேண்டாம், அகலவாய் பிளாஸ்டிக் குப்பி போதும். புளிக்காய்ச்சலையும் தொக்கையும் இன்னும் கொஞ்சம் சுருளக் கிளறி, எண்ணெயை வடித்துவிட்டு, ஆறிய பிறகு அடைத்தால் கசிய எதுவுமே இராது. நெய்யை இரவு குளிரூட்டி உறையவைத்து எடுத்தாலும் கோடையில் வழியிலேயே உருகிவிடும், அதற்கும் மேற்சொன்ன கட்டுதான்.

இட்லி மாவை மட்டும் கொண்டுபோகாதீர்கள். நொதிக்கும் மாவு தானாகவே வாயுவை உண்டாக்கும், வெளி அழுத்தமும் குறைந்தால் இரட்டைப் பையையும் கிழித்துக்கொண்டு வரும். அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே பொடித்து எடுத்துப்போனால் அங்கே கரைத்துப் புளிக்கவைக்கலாம்.

மாறி ஏறும் இடத்தில் பறிபோவது

சேலத்திலிருந்து பெங்களூருவுக்கு உள்நாட்டு விமானம். அந்தச் சோதனையில் தண்ணீர் பாட்டிலைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், தயிர்சாதத்தையும் கண்டுகொள்ள மாட்டார்கள். பெங்களூருவில் பன்னாட்டு விமானத்துக்கு மாறும்போது மறுபடி ஒரு சோதனை, அங்கே 100 மில்லி விதி முழுதாக நிற்கும். சேலத்திலேயே விட்டார்கள் என்று சொல்லிப் பயனில்லை. சிங்கப்பூரின் சாங்கியில் பல முனையங்களில் சோதனை, விமானம் ஏறும் வாசலிலேயே நடக்கிறது. உள்ளே கடையில் வாங்கிய தண்ணீரும் அங்கே கொட்டப்படும். வரியில்லாக் கடையில் வாங்கிய திரவம் முத்திரையிட்ட பையில், ரசீதோடு, பிரிக்காமல் இருந்தால்தான் அடுத்த சோதனையைத் தாண்டும். ஆகவே கைப்பையைக் கட்டும்போது வழியிலுள்ள நிலையங்களில் எது மிகக் கண்டிப்பானதோ அதைக் கணக்கில் வைத்துக் கட்டுங்கள்.

இரண்டு பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா என்பதும் முக்கியம். தனித்தனி என்றால் பெங்களூருவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். மாம்பழப் பெட்டி அந்த நேரம் முழுக்க உங்களோடு வெயிலில் அலையும், எடை வரம்பும் இரண்டாவது நிறுவனத்தின்படி மாறும்.

இறங்கும் நாட்டின் கணக்கு வேறு

இங்கே சுருக்கமாகச் சொல்வதற்குக் காரணம், இவை அடிக்கடி மாறும் விதிகள், கிளம்பும் வாரத்தில் அந்த நாட்டு அரசின் தளத்தைப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் நம்மவர்கள் திரும்பத் திரும்ப மாட்டும் இடங்கள் தெளிவானவை. அமெரிக்காவுக்கு இந்திய மாம்பழம் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று ஏற்றுமதியாக மட்டுமே போக முடியும், உங்கள் பெட்டியில் போக முடியாது. கறிவேப்பிலையும் கூடாது, எலுமிச்சை வகை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் பயணிகள் கொண்டுபோக முடியாது. பால்கோவாவும் நெய்யும் இதில் அடங்கும். 2019 டிசம்பர் 14 முதல் பழம், காய், இலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், டுரியன், வாழை, பேரீச்சை ஐந்துக்கு மட்டும் விலக்கு. மாம்பழம் அந்தப் பட்டியலில் இல்லை.

வளைகுடா போகிறவர்கள் கசகசாவை மறந்தும் எடுக்கக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கில் வரும், சிறைவரை போகும் விஷயம். குருமாவுக்கென்று வீட்டில் அரைத்த பொடியில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று அரைத்தவரிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். வெற்றிலையும் அங்கே தடை. ஆஸ்திரேலியாவுக்கு எந்த உணவையும் அறிவிப்புப் படிவத்தில் எழுதியே ஆக வேண்டும். எழுதிவிட்டால், அவர்கள் பொருளை எடுத்துக்கொண்டாலும் அபராதம் இல்லை. எழுதாமல் பிடிபட்டால் அபராதமும், சிலருக்கு விசா ரத்தும் நேர்ந்திருக்கிறது. முறுக்குப் பாக்கெட்டுக்காக இதைப் பணயம் வைக்கவே கூடாது.

சோதனையில் நிறுத்திவிட்டால்

காமலாபுரம் சிறிய நிலையம், செக்-இன் கவுன்டர் எட்டும் தூரம்தான். நேரம் இருந்தால் பொருளோடு திரும்பிப்போய்ப் பெட்டியில் சேர்க்க முடியுமா என்று கேட்கலாம். கவுன்டர் வழக்கமாக 60 நிமிடத்துக்கு முன் மூடிவிடும், பெட்டியும் பட்டையில் போயிருந்தால் திரும்ப வராது. எனவே உணவு மூட்டை உள்ள நாளில் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போவது வீண் அல்ல. வழியனுப்ப வந்தவர்கள் டிக்கெட் இல்லாமல் உள்ளே வர முடியாது. நீங்கள் சோதனையைத் தாண்டி உட்காரும்வரை அவர்களை வாசலில் காத்திருக்கச் சொல்லுங்கள், மறுக்கப்பட்ட குப்பியை வெளியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வர அனுமதி கேட்கலாம். மடித்து வைத்த வெற்றுத் துணிப்பை ஒன்று கைவசம் இருந்தால், கைப்பையிலிருந்து எதையாவது பிரித்துச் செக்-இன்னில் போட வேண்டி வரும்போது உதவும்.

எதுவும் முடியாதபோது பொருளை விட்டுவிட வேண்டியதுதான். விட்ட பொருளைத் திருப்பித் தரும் ஏற்பாடு சோதனை முனையில் கிடையாது. தங்கள் நிலத்து மரத்தில் பறித்து அம்மா போட்ட மாவடுவைத் தொட்டியில் போடுவது எவ்வளவு வலிக்கும் என்பது தெரியும். அதனாலேயே கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு, ஒவ்வொரு டப்பாவையும் ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். உள்ளே இருப்பது நகர்ந்தால் அதைச் செக்-இன் பெட்டியில் வையுங்கள்.